சேலம்னா ஏற்காடு மட்டும்தானா? ஜலகண்டாபுரத்தைச் சுற்றி ஒரே நாளில் கோட்டை, கோயில், அணை... என்ன பார்க்கலாம், என்ன மாறணும்?

சேலம் பக்கம் ஒரு நாள் லீவு கிடைத்தால் பெரும்பாலானவர்களின் பைக் நேராக ஏற்காடு அடிவாரத்துக்குத்தான் போகும். வீக்எண்டில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதும், ஏரிக்கரையில் பார்க்கிங் தேடியே ஒரு மணி நேரம் போவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊட்டி, கொடைக்கானலில் நிலைமை இன்னும் மோசம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. மலைகள் தாங்கும் அளவு முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே சேலம் மாவட்டத்தின் மேற்குச் சமவெளியில் ஜலகண்டாபுரம் இருக்கிறது. மேட்டூர் தாலுகாவில் உள்ள பேரூராட்சி. தறிச் சத்தம் கேட்கும் ஊர். திராவிட இயக்க நாடக ஆசிரியர் ஜலகண்டாபுரம் ப. கண்ணனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். இங்கிருந்து சுமார் 40 கி.மீ. சுற்றளவுக்குள் ஒரு மலைக்கோட்டை, ஒரு சிற்பக் கோயில், ஒரு பிரம்மாண்ட அணை, ஒரு படகுத்துறை என நான்கு இடங்கள் இருக்கின்றன. நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால், இவற்றைத் தனித்தனி ‘ஸ்பாட்’களாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மண்ணை யார் ஆண்டார்கள், வரி எங்கே போனது, தண்ணீர் எங்கே நின்றது என்ற முழுக் கதையும் புரியும்.

*எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?*

சங்ககிரியிலிருந்துதான். காரணம் எளிது: மலை ஏறணும், வெயிலுக்கு முன்னாடியே ஏறணும்.

விஜயநகரக் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் இந்தக் கோட்டை பின்னர் மைசூர் ஆட்சியின் கைக்கு வந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் முக்கியமான ராணுவத் தளமாக இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இழந்த பகுதிகளில் சேலமும் பாராமகாலும் அடக்கம். கிழக்கிந்திய கம்பெனி சார்பில் இங்கே நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர்தான் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த வட்டாரத்தில்தான். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்த விஷயம், நம்ம ஊர் வயல்காட்டில் நடந்தது.

கோட்டையின் இன்னொரு பெயர் தீரன் சின்னமலை. கம்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்ட அவர் 1805 ஜூலை 31 அன்று இங்கேதான் தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அரசு சார்பில் அவருக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. அன்று கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் வாசல்களைத் தாண்டி, மேலே உள்ள பெருமாள் கோயிலையும் தர்காவையும் பார்த்துவிட்டு, சுற்றுவட்டாரம் முழுவதையும் அமைதியாகப் பார்க்கலாம்.

மேலே கடை எதுவும் இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் அவசியம்.

*தாரமங்கலத்தில் அப்படி என்ன விசேஷம்?*

மதியம் நடை சாத்துவதற்குள் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விட வேண்டும். மதுரை நாயக்கர்களின் கீழ் பாளையக்காரர்களாக இருந்த கெட்டி முதலிகள் இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் எழுப்பிய கோயில் இது. 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் படையெடுப்புகளில் அவர்களுடைய ஆட்சி முடிந்துபோனது. கோயில் நின்றுவிட்டது.

ராஜகோபுரத்தின் அடித்தளமே யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேர் மாதிரி செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை, கல்லிலேயே செய்த சங்கிலி, ரதி-மன்மதன் என ஒவ்வொரு தூணிலும் நின்று பார்க்க வேண்டியிருக்கும். எல்லோரும் தேடிப்போகும் சிற்பம் வாலி வதம். ராமர் இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவார். வாலி இருக்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் ராமர் தெரியமாட்டார். மறைந்திருந்து அம்பு விட்ட கதையை வார்த்தை இல்லாமல், தூண்களின் கோணத்தை வைத்தே சிற்பி சொல்லிவிட்டார்.

*மேட்டூர்: அணைக்கு அடியில் இருப்பது என்ன?*

தாரமங்கலத்திலிருந்து ஜலகண்டாபுரம் வந்து சாப்பாட்டை முடித்துக்கொண்டு மேட்டூர் போகலாம். மீன் பிரியர்கள் கொஞ்சம் பசியோடு போவது நல்லது. அணைப் பூங்கா பக்கம் வறுவல் கடைகள் காத்திருக்கும்.

1924-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தம் போட்ட பிறகு, 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்த அணை இது. அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். டெல்டாவே அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால், அணையைப் பார்த்துவிட்டு செல்ஃபியோடு திரும்புபவர்கள் தவறவிடுவது நீருக்குள் இருக்கும் ஊர்களை. நீர்த்தேக்கத்துக்காக மக்கள் வெளியேறினார்கள். கோயிலும் தேவாலயமும் அங்கேயே நின்றன. நீர்மட்டம் நன்றாகக் குறையும்போது, கொளத்தூர் பக்கம் உள்ள பண்ணவாடி பரிசல் துறையில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். 2023 அக்டோபரில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், பாசனத் திறப்பே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு 2024 ஜூலை 30-ல் அதே அணை அதன் வரலாற்றில் 43-வது முறையாக 120 அடியைத் தொட்டது. பத்து மாதத்துக்குள் நந்தி வெளியே வந்து, மறுபடியும் மூழ்கிவிட்டது.

நந்தி தெரிந்தால் டூரிஸ்ட்டுக்குச் சந்தோஷம், விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்த ரெண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வதுதான் மேட்டூரைப் பார்ப்பது.

*மாலையில்?*

எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டி. ‘குட்டி கேரளா’ என்று ரீல்ஸில் பார்த்திருக்கலாம். சினிமா ஷூட்டிங் நடக்கும் காவிரிக் கரை. இங்கிருந்து எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்தின் நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது. டூரிஸ்ட் ரைடு மட்டும் அல்ல, இரு கரை மக்களும் தினமும் பயன்படுத்தும் போக்குவரத்து. எனவே, படகில் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் மூட்டையோடு வருபவர்களுக்கும் முதலில் இடம் கொடுங்கள்.

*எதில் கவனம் தேவை?*

ஒன்று, தண்ணீர். அணை நிரம்பும் காலத்தில் 16 கண் மதகு வழியாக உபரி நீர் திறக்கப்படும். அமைதியாகத் தெரியும் ஆற்றில் வரத்து திடீரென ஏறும். எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்குவது தைரியம் அல்ல, முட்டாள்தனம்.

இரண்டு, கல். சங்ககிரி கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பெயர் கிறுக்கினாலோ சேதப்படுத்தினாலோ 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. காதலைச் சொல்ல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும், கோட்டைச் சுவர் வேண்டாம். தாரமங்கலத்தில் யாளி வாய்க்குள் விரல் விட்டு உருண்டையை உருட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு தடவை என்றாலும், வருடக்கணக்கில் கல் தேயும்.

*அரசு என்ன செய்யணும்?*

பெரிய ரிசார்ட்டோ, கண்ணாடிப் பாலமோ யாரும் கேட்கவில்லை. கேட்பது மூன்றே மூன்று.

முதலாவது, இந்த இடங்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வீக்எண்ட் பேருந்து. ஏற்காடு கோடை விழா சமயத்தில் முக்கிய இடங்களைச் சுற்றிக்காட்டும் சிறப்புப் பேருந்து விடப்பட்டதுண்டு. அதே யோசனையை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சங்ககிரி, தாரமங்கலம், ஜலகண்டாபுரம், மேட்டூர், பூலாம்பட்டி வழியில் சோதித்துப் பார்க்கலாம். இப்போதைக்கு சொந்த வண்டி வைத்திருப்பவருக்குத்தான் இந்த ஒரு நாள் ட்ரிப் சுலபம். பஸ் மாறி மாறிப் போகிறவர் இரண்டு இடத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது, குடிநீரும் சுத்தமான கழிப்பறையும். குடும்பத்தோடு, குறிப்பாகப் பெண்கள், ஒரு இடத்துக்கு மறுபடி வருவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இதுதான்.

மூன்றாவது, தமிழில் தெளிவான தகவல் பலகை. எந்த ஆண்டு, யார் கட்டியது, ஏன் என்று நாலு வரி. மேட்டூரில் அணையின் உயரத்தோடு மூழ்கிய ஊர்களின் பெயர்களும் வரும் ஆட்களின் கண்ணில் படணும். 93.47 டி.எம்.சி. என்ற எண் எல்லா நாளும் செய்தியில் வருகிறது. அந்த எண்ணுக்காக வீட்டை விட்டுப் போனவர்களின் ஊர்ப் பெயர் வருவதில்லை.

ஒரு இடத்துக்கு ஆள் வரவில்லை என்றால் வசதி செய்யமாட்டார்கள். வசதி இல்லை என்றால் ஆள் வரமாட்டார்கள். இந்தச் சுழலை யாராவது ஒரு பக்கம் உடைக்கணும். பேருந்துக்கும் பலகைக்கும் ஃபைல் நகர்ந்து வர நாளாகும். சங்ககிரி மலையேற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும். அந்த பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.