இல்லமும் நலமும்: துப்பாக்கி துடைத்த துணி

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர்களில் காட்டுப்பன்றியின் தொல்லையை அறியாத விவசாயி இல்லை. ஒரு பருவத்து உழைப்பை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும் விலங்கு அது. இத்தகைய தொல்லைக்கு அஞ்சி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்று வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இடம் தருகிறது. (உரிமம் இருப்பது மட்டுமே வனவிலங்கைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது என்பதையும் மறத்தலாகாது.) படையிலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலராகப் பணிபுரிவோர் சிலர் இல்லங்களில் தோட்டாத் துப்பாக்கியும் இருக்கும்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைத் துடைக்கும் வேலையைப் பற்றிச் சொல்வார் குறைவு. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பப் பெறும்போது, குழலில் துரு ஏறியிருக்கும். வீட்டுத் தலைவர் திண்ணையில் அமர்ந்து, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வண்டியிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயோ கொண்டு துடைப்பார். துடைத்த கந்தல் ஒரு மூலையில் கிடக்கும். எஞ்சிய எண்ணெய் ஒரு குளிர்பானப் புட்டியில் போய்ச் சேரும். தவழும் குழந்தை அத்திண்ணையிலேயே விளையாடும். கேடு தொடங்குவது இங்கேதான்.

முதலில் அம்மூன்று திரவங்களையும் பார்ப்போம். பெட்ரோலில் ஈயம் கலப்பது நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சீன் அதில் இன்றும் உண்டு. தீப்பற்றும் அபாயமோ சொல்ல வேண்டுவதில்லை. எந்திரத்தில் ஓடிக் கறுத்த பழைய எண்ணெயில், எரிபொருள் எரிந்ததால் உண்டான புற்றுநோய் நச்சுகள் சேர்ந்திருக்கும். மண்ணெண்ணெய் இவ்விரண்டினும் சாது போலத் தோன்றும். ஆனால் குழந்தை அதை ஒரு வாய் குடித்தால், வயிற்றை விட நுரையீரலையே அது மிகுதியாகத் தாக்கும்.

எண்ணெய் தோலின் வழியே செய்யும் தீங்குக்கு நெசவுத் தொழிலே சான்று தந்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு எந்திரத்தின் எண்ணெய் ஆண்டுக்கணக்காக உடையில் தெறித்து ஊறியதால், தொழிலாளர் பலருக்கு மறைவிடத் தோலில் புற்றுநோய் கண்டது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922-இல் இதை எடுத்துக்காட்டினர். எனினும் 1953-இல்தான், நன்கு தூய்மை செய்த வெள்ளை எண்ணெயையோ விலங்கு, தாவர எண்ணெயையோ மட்டுமே அவ்வெந்திரங்களுக்கு இட வேண்டும் என்று அந்நாடு விதி செய்தது. விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. தறிக்கு இடும் எண்ணெயையே துப்பாக்கிக்கும் இடுவோர், அது நன்கு தூய்மை செய்யப்பட்டதுதானா என்று கேட்டறிந்து வாங்குதல் நலம்.

ஆனால் எண்ணெயை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. புட்டியில் இருக்கும்போது தீங்கற்றதாய் இருந்த எண்ணெய், குழலைத் துடைத்த பின் அவ்வாறு இராது. காரணம் ஈயம். ரவைகள் பெரும்பாலும் ஈயத்தால் ஆனவை. தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டும் மருந்திலும் ஈயச் சேர்மம் இருப்பது வழக்கம். சுடும்போது இவை நுண்பொடியாகிக் குழலுக்குள் படிகின்றன. அப்பொடி துணிக்கும், துணியிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து சோற்றுக்கும் போகிறது. இவ்வளவு ஈயம் உடலில் சேர்ந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி உட்செல்லும் ஈயத்தில் பெரியவர்கள் ஏற்பதைப் போல் நான்கு, ஐந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது. அது அவர்கள் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். தாயின் எலும்பில் முன்னரே படிந்த ஈயமோ, கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவைச் சென்றடையும். ஆகையால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இவ்வேலை நடக்கும் இடத்தில் இருத்தலே கூடாது.

அப்படியாயின் எதைக் கொண்டுதான் துடைப்பது? நாட்டுத் துப்பாக்கிக்கு விடை அடுப்பங்கரையிலேயே இருக்கிறது: வெந்நீரும் சோப்பும். கரிமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. அது எரிந்தபின் எஞ்சும் கசடில் பெரும்பகுதி உப்புகளே. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். உப்பு நீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. எத்தனை முறை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாலும் மீண்டும் துரு ஏறுவதன் காரணம் இதுவே. துப்பாக்கியில் மருந்தும் கேப்பும் இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டு, குழலைச் சோப்பு கலந்த வெந்நீரால் நன்கு தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வெறும் வெந்நீரால் அலசுங்கள். வெந்நீரால் சூடேறிய இரும்பு விரைவில் உலரும். ஈரம் சற்றும் இன்றித் துடைத்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று போதும்.

அந்தப் பூச்சுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின் ஏற்றது. நிறமும் மணமும் நீக்கித் தூய்மை செய்யப்பட்ட இது, மேற்சொன்ன வெள்ளை எண்ணெயின் இனத்தைச் சேர்ந்ததே. தாவர எண்ணெய்தான் வேண்டும் என்போர் விளக்கெண்ணெயைக் கொள்ளலாம். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் எந்திரங்களுக்கு உயவாக விளங்கியது அதுவே. ஆனால் நாள்பட்டால் அது தடித்துப்போகும். அவ்வப்போது துடைத்துப் புதிதாக இட வேண்டும். நல்லெண்ணெய் பிசினாக இறுகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். இவ்விரண்டும் விசைக்கு உதவா.

தோட்டாத் துப்பாக்கியின் நிலை வேறு. அதன் புகையில்லா மருந்தின் கசடு வெந்நீருக்கு எளிதில் போகாது. அதற்கென விற்கும் துப்புரவுத் திரவத்தை வாங்கும்போது, பென்சீன், டொலுவீன், டைகுளோரோமீத்தேன் முதலியவை இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். ‘நச்சற்றது’, ‘இயற்கையானது’ என்னும் மேலட்டைச் சொற்களை மட்டும் நம்புதல் ஆகாது. மணம் இல்லாமை நஞ்சின்மைக்கு அடையாளமும் ஆகாது. பீய்ச்சும் குப்பிகளைத் தவிர்ப்பது மேல். அவற்றின் நுண்துளி மூச்சோடு உள்ளே போகும்.

வேலையைத் திறந்தவெளியில், அடுப்புக்கும் கிணற்றுக்கும் தொலைவாகச் செய்யுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். கையுறை அணியுங்கள். வேலையின் நடுவே வெற்றிலை போடுவதும் பீடி பிடிப்பதும் கூடாது. முடித்தபின் சோப்பிட்டுக் கை கழுவி, உடையை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். அவ்வுடையைத் தனியே துவையுங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் ஈயப்பொடி காற்றில் எழும், ஈரத்துணியால் துடையுங்கள். கழுவிய நீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள். அழுக்குத் துணியை அடுப்பெரிக்கப் பயன்படுத்தாமல், மூடிய தகர டப்பாவில் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வையுங்கள்.

எண்ணெய் எதுவாயினும் அதைக் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கவே கூடாது. மீறி, குழந்தை மண்ணெண்ணெய் போன்றதைக் குடித்துவிட்டால், உப்புநீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு மேலேறும் எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். உடனே 108-ஐ அழைத்து, குடித்த பொருளின் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தை நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் ஆபத்தையும் பூட்டிவிட்டதாக எண்ணுகிறோம். துடைத்த துணி வெளியே கிடக்குமாயின் பாதி ஆபத்து வெளியேதான் இருக்கிறது. பயிரைக் காக்க வாங்கிய கருவி வீட்டின் இளம்பயிரை வாட்டாதிருக்க, வெந்நீரும் சோப்பும் ஒரு மூடிய டப்பாவும் சிறிது கவனமும் போதும்.