பிடி அரிசியும் பெருநிதியும்

செல்வம் படைத்தோர் தம் பொருளில் ஒரு பகுதியை ஏழைகளுக்கு ஈவது நமது நாட்டில் நெடுங்காலமாகப் புகழப்பட்டுவரும் குணமாயினும், அப்படி ஈந்த பொருளை எந்தக் காரியத்திற்கு, எந்த ஊரில், யார் கையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் பாத்தியதை மட்டும் ஈந்தவரிடமோ, அவர் நியமித்த தர்மகர்த்தாக்களிடமோ, இக்காலத்தில் அவர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் உத்தியோகஸ்தர்களிடமோ தங்கிவிடுவதை நாம் இயல்பான ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்னசத்திரத்திற்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் இந்த ஏற்பாட்டால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. கூலி உயர்வு, நில உரிமை, குடியிருக்கும் இடத்திலிருந்து துரத்தப்படாமல் இருக்கும் பாதுகாப்பு என்று நீதியைக் கோரும் காரியங்களுக்குப் பணம் தேவைப்படும்போதுதான் இதன் குறை வெளிப்படுகிறது. ஏனெனில் அத்தகைய கோரிக்கைகளிற் பல, கொடுக்கும் நிலையில் இருப்பவரின் சொந்த நலனையே தொட்டுவிடுகின்றன. தமக்கு எதிராக வழக்குத் தொடுக்கக்கூடிய சங்கத்துக்கு மனமுவந்து நிதி வழங்கும் தயாளர் உலகத்தில் அரியர்.

அத்தகைய அரியர் சிலர் 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒன்றுகூடினார்கள். ‘ஹேமார்க்கெட் மக்கள் நிதி’ என்ற ஸ்தாபனத்தை அவர்கள் தொடங்கினார்கள். வயதில் இளைஞரும் பிறப்பில் செல்வருமான அவர்களில் ஜார்ஜ் பில்ஸ்பரி என்பவர், கோதுமை மாவு வியாபாரத்தில் அந்நாடெங்கும் பெயர்பெற்ற குடும்பத்தின் வாரிசு. தமக்குப் பரம்பரையாக வந்த சொத்து தமது உழைப்பின் பலன் அன்று என்பதை உணர்ந்த செல்வர்கள் அவர்களுக்கு முன்னும் இருந்திருக்கிறார்கள். அதைப் பிறருக்கு வழங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். இவர்கள் செய்த புதுமை, பணத்தோடு சேர்த்து அதைப் பகிரும் அதிகாரத்தையும் கைவிட்டதுதான். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு தருவது என்பதை, நியூ இங்கிலாந்து மாகாணங்களில் அடிமட்டத்தில் பாடுபடும் இயக்கங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அடங்கிய குழுக்கள் தீர்மானிக்கும் என்று ஏற்பாடாயிற்று. இரண்டு ஆண்டு முன்னதாக ஸான் பிரான்ஸிஸ்கோவில் வான்கார்ட் என்ற நிதியும், இரண்டு ஆண்டு பின்னதாக லாஸ் ஏஞ்சல்ஸில் லிபர்ட்டி ஹில் என்ற நிதியும் இதே வழியில் தோன்றின. 1979இல் இப்படிப்பட்ட நிதிகள் இணைந்து ஒரு கூட்டமைப்பையும் கண்டன. தர்மம் வேண்டாம், மாற்றம் வேண்டும் என்பது அதன் கோஷமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் நன்மை அதன் உபசாரமான வார்த்தைகளில் இல்லை. குழு கூடி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் முறையிலேதான் இருக்கிறது. வாடகைக்கு இருப்போர் சங்கம் ஒன்று உதவி கேட்டு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் பெறும் பரிசீலகர் மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கையும், எத்தனை பேருக்கு என்ன பலன் என்ற அட்டவணையையும் கேட்பார். அவை இரண்டும் அழகாக இருந்தால் திருப்தியடைவார். தானே ஒருமுறை வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பிறகு அண்டை வீட்டாரைத் திரட்டிப் போராடிய பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்தாலோ, சங்கத்தின் கூட்டத்துக்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள், பேசுவது எல்லோருமா, தலைவர் ஒருவர்தானா, வீட்டுக்காரர் மிரட்டியபோது முதலில் பின்வாங்கியவர் யார் என்று கேட்பாள். கணக்குப் புத்தகமே இல்லாத சங்கத்தின் நேர்மையை அவள் கண்டுகொள்வாள். அச்சிட்ட அறிக்கைக்குப் பின்னால் ஆளே இல்லாத சங்கத்தையும் கண்டுகொள்வாள். மேலும், உதவி கேட்டு வந்தவர் தம்மைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. பரிதாபத்தைக் காட்டி வாழப் பழகிய சங்கம் நாளடைவில் நீதியைக் கேட்கும் குரலை இழந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பாதிக்கப்பட்டவர்களிடமே பங்கீட்டை ஒப்படைத்தால் தமக்கும் தம்மவருக்கும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளலாம், மனிதர்கள்தாமே. தன் சங்கத்தின் விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும்போது அந்த அங்கத்தினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்ற விதி ஒன்றே இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பெருந்தனவந்தர்களின் அறக்கட்டளைகளில் மைத்துனரின் கல்லூரிக்கும் நண்பரின் மருத்துவமனைக்கும் நிதி செல்லும்போது இந்தச் சந்தேகம் நமக்கு எழுவதில்லையே. ஏழையின் கையில் பணம் வரும்போது மட்டும் எழுவானேன்?

ஆயினும் பாஸ்டன் இளைஞர்களின் பெருந்தன்மையிலும் ஒரு குறை உண்டு. அதிகாரத்தை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுக்கும் நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. பணத்தின் ஊற்று வெளியே இருக்கும்வரை, ஊற்றை அடைக்கும் சக்தியும் வெளியேதான் இருக்கும். பாதிக்கப்பட்ட ஜனங்கள் தாமே திரட்டித் தாமே செலவிட்ட நிதி எப்படி இருந்தது என்பதை அறிய, இன்னும் இருபது ஆண்டு பின்னோக்கி, அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரத்துக்குப் போக வேண்டும்.

1955 டிசம்பர் 1ஆம் தேதி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்து ரோஸா பார்க்ஸ் கைதானதும், நான்கு நாள் கழித்துத் தொடங்கிய பேருந்து பகிஷ்காரம் 381 நாள் நீடித்ததும், மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியாரை உலகம் அறிந்ததும் நம் வாசகர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. ஆனால் ஓராண்டுக்கு மேலாக அந்நகரத்துக் கறுப்பின மக்கள் வேலைக்குப் போய்வந்தது எப்படி என்று யோசித்தவர் சிலரே. நடந்தவர் பலர், நடக்க இயலாதவருக்காக ஏறத்தாழ 300 கார்கள் ஓடின. அவற்றுக்குப் பெட்ரோல் வேண்டும், டயர் வேண்டும், பழுது பார்க்க வேண்டும். உள்ளூரில் இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டபோது லண்டன் லாயிட்ஸ் வரைக்கும் போய் அதைப் பெற வேண்டியிருந்தது. வெளியூர்களிலிருந்து நன்கொடைகள் வந்தன என்பது உண்மையே. உள்ளூரில் திரண்ட பணத்தில் ஒரு பங்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணியின் அடுப்பிலிருந்து வந்தது.

ஜார்ஜியா கில்மோரும் அவருடைய தோழிகளும் முதலில் தமக்குள் 14 டாலர் சேர்த்து, கோழியும் ரொட்டியும் வாங்கிச் சமைத்து, பகிஷ்காரக் கூட்டங்களுக்கு வந்தவர்களுக்கு விற்றார்கள். பிறகு கேக்கும் இனிப்புப் பண்டங்களும் முழுச் சாப்பாடும் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை விற்கப்பட்டன. சமைத்தவர்களில் அநேகர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளிப்பட்டால் மறுநாள் வேலை போய்விடும். ஆகவே தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் கலவாமல் பதில் சொல்லிவிடலாம் அல்லவா? யார் சமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்ற விவரம் முழுவதும் கில்மோர் ஒருவருக்கே தெரியும். வாங்கியவர்களில், தாம் உண்ணும் பண்டத்தின் லாபம் எங்கே போகிறது என்று அறியாத வெள்ளையரும் இருந்தார்கள் என்பது இந்தக் கதையில் நான் மிகவும் ரசிக்கும் பகுதி. வாரந்தோறும் கூட்டத்தில் கில்மோர் எழுந்து வசூலை ஒப்படைக்கும்போது சபை ஆரவாரம் செய்யும். நகரத்தின் மற்றொரு பகுதியில் போட்டிச் சங்கம் ஒன்று முளைத்தது; எந்தச் சங்கத்தின் வசூல் அதிகம் என்ற உற்சாகமான பந்தயமும் நடந்தது. கிங்கின் மீது நடந்த வழக்கில் 1956 மார்ச்சில் துணிந்து சாட்சி சொன்னதற்காக உணவு விடுதியில் பார்த்துவந்த வேலையை கில்மோர் இழந்தார். அதன்பின் கிங்கின் ஊக்கத்தால் தம் வீட்டிலேயே சமைத்து விற்கலானார். அந்தச் சாப்பாட்டு மேஜையே இயக்கத் தலைவர்கள் கூடி ஆலோசிக்கும் இடமாகவும் ஆயிற்று.

இத்தகைய சிறுவசூலைப் பெருநிதியோடு தொகையில் ஒப்பிடுவது பேதைமை. ஆனால் ஒரு துண்டு கேக் வாங்கியவளும் அதைச் சுட்டவளும் இயக்கத்தின் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அடுத்த வாரம் கூட்டத்துக்கு வருகிறார்கள். பணம் எப்படிச் செலவாயிற்று என்று கேட்கும் யோக்கியதையும் பெறுகிறார்கள்.

இது தமிழ்நாடு அறியாத வித்தையன்று. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, சந்தை வழிகளில் அவமானங்களைச் சகித்து வந்த நாடார் சமூகத்து வணிகர்கள், தமது சரக்கு மூட்டை ஒவ்வொன்றின் மீதும் மகமை என்ற ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டு, உறவின்முறை என்ற சபையின் மூலம் அதைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். பேட்டைகளும் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் அப்படித்தான் எழுந்தன. விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஷத்திரிய வித்யாசாலைக்கு, ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள்; அந்த அரிசியும் பள்ளியைத் தாங்கிற்று. அதில் படித்த பிள்ளைகளில் காமராஜரும் ஒருவர். அவர் முதலமைச்சரான பின்பு, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்தார் நிலமும் மேஜை நாற்காலியும் பிள்ளைகளுக்குச் சீருடையும் போட்டிபோட்டு வழங்கியது அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பழைய வழக்கத்தைப் புகழ்ந்து நின்றுவிடுவது எளிது. அதனால்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உறவின்முறையில் அமர்ந்து மகமையைச் செலவிட்டவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள். அரிசியைப் பிடித்து வைத்த பெண்ணுக்கு அந்தச் சபையில் ஆசனம் இல்லை. மகமை ஒரு சாதியைத் தலைநிமிர வைத்தது மறுக்க முடியாத சாதனையே என்றாலும், அதன் எல்லை அந்தச் சாதியின் எல்லையாகவே பெரும்பாலும் நின்றது. நம் நாட்டில் ‘ஊர்’ என்று சொன்னால் சேரி அதில் அடங்குவதில்லை என்பதை அறியாதவர் யார்? பங்கீட்டை ஊரிடம் விட்டுவிட வேண்டும் என்று இன்று பேசுபவர்கள், ஊர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்து, ஒரு தெருவின் வரியை மட்டும் வாங்க மறுக்கும் ஊர்களும் உண்டு.

இப்போதைய சட்டங்களோ மற்றொரு திசையில் போகின்றன. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி பெரிய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எதற்கு என்பதைத் தீர்மானிப்பது கம்பெனியின் இயக்குநர் குழு. பள்ளிக்குக் கழிப்பறையும் கிராமத்துக்குக் குடிநீர்த் தொட்டியும் வருகின்றன, வேண்டியவைதாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டுப் பிறர் கைக்குப் போய்விட்ட பஞ்சமி நிலத்தை மீட்க வழக்காடும் ஒரு சங்கத்துக்கு வக்கீல் கட்டணம் தரும் கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் செய்த திருத்தம், அத்தகைய பணத்தைப் பெறும் ஸ்தாபனம் அதை வேறொரு ஸ்தாபனத்துக்குக் கொடுப்பதை அறவே தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அந்நிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது அரசாங்கத்தின் கடமைதான். ஆயினும், பெரிய ஸ்தாபனம் ஒன்று பெற்றுச் சிறிய சங்கங்களுக்குப் பிரித்துத் தரும் வேலையே இதனால் குற்றமாகிவிட்டது. நேரே பதிவுபெற விரும்பும் சங்கமோ மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பது விதி. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் சங்கம் எங்கே போய் 15 லட்சத்தைக் காணும்?

படிப்பறிவு குறைந்தவர்களால் பணத்தை நிர்வகிக்க முடியாது என்று கூறுவோர், 2005இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். அதில் கிராமத்து வறுமை ஒழிப்புச் சங்கங்களிடமே பணம் நேரடியாகத் தரப்பட்டது. யார் மிகவும் ஏழை என்ற பட்டியலை ஊர் மக்களே தயாரித்து, கிராம சபையின் முன் வைத்தார்கள்.

ஆகையால் கம்பெனிகளின் 2 சதவீதத்திலிருந்து ஒரு பங்கையாவது மாவட்டம்தோறும் ஒரு பொதுநிதியில் சேர்க்கும்படி சட்டம் செய்யலாம். அந்த நிதியைப் பங்கிடும் குழுவின் ஆசனங்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களும், துப்புரவுத் தொழிலாளர், விவசாயக் கூலிகள், பழங்குடியினர் ஆகியோரின் சங்கப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். கம்பெனியின் பிரதிநிதி கூட்டத்துக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், வாக்களிக்கலாகாது. அந்த நிதியில் உதவி பெற விரும்பும் சங்கம், தன் அங்கத்தினரிடம் மாதம் பத்து ரூபாயாவது சந்தா வசூலித்திருக்க வேண்டும் என்பதை, தணிக்கைச் சான்றிதழுக்குப் பதிலாக, முதல் நிபந்தனையாக வைக்கலாம். சிறு சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வழியை அடைத்த 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தை, கணக்குக் காட்டும் கடுமையைத் தளர்த்தாமலே, பாராளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் அங்கத்தினர்கள் இதைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவருவார்களா என்று அவரவர் தொகுதி மக்கள் கேட்கலாம்.