உடைந்தது உடைந்தபடியே

புதிதாக வரும் நோயாளியிடம் மனநல மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பக்கத்தில் யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்கிறதா?" எதிரே இருப்பவர் பிறவியிலேயே காது கேளாதவர், இடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்றால் இந்தக் கேள்வி என்ன ஆகும்? மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே கைகளில் சொன்னால், தன் செவித்திறனைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று நோயாளி எடுத்துக்கொள்ளலாம். "மெஷின் மாட்டினால் கொஞ்சம் கேட்கும்" என்று பதில் சொல்லலாம். அந்தக் 'கேட்கும்' மாயக்குரலாகக் குறிப்பேட்டில் ஏறிவிட்டால், அடுத்து வருவது மனச்சிதைவுக்கான மாத்திரை.

காது கேளாதவர்களுக்கு மாயக்குரல் அனுபவமே வராது என்பதும் சரியல்ல. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜோனா அட்கின்சன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. பிறவியிலேயே சுத்தமாகக் கேட்காதவர்களில் சிலர் ஒலியைச் சொல்லவில்லை. உடலில்லாத கைகள் சைகை செய்வதையும் உதடுகள் அசைவதையும் மனதுக்குள் உணர்ந்ததாகச் சொன்னார்கள். முன்பு ஓரளவு கேட்டுப் பழகியவர்களின் அனுபவத்தில் ஒலி இருந்தது. அப்படியானால் மருத்துவரின் கேள்வியையே வேறு விதமாகக் கேட்க வேண்டும். அதை மருத்துவருக்கு உணர்த்தக்கூடியவர் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். அவருக்கு மனநோயைப் பற்றி எதுவும் தெரியாவிட்டால் அந்த வாய்ப்பும் போயிற்று.

அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் இதற்கு ஒரு வழி பிறந்தது. அது தானாகப் பிறந்துவிடவில்லை, வழக்குப் போட்டுத்தான் பிறந்தது. அரசு மனநலத் துறையில் தங்கள் மொழியில் சிகிச்சை கிடைப்பதில்லை என்று காது கேளாதோர் தொடுத்த வழக்கு 2002-இல் சமரசத்தில் முடிந்தது. அதையடுத்து அந்தத் துறைக்குள்ளேயே காது கேளாதோருக்கென ஓர் அலுவலகம் வளர்ந்தது. அதை நடத்த வந்த ஸ்டீவ் ஹேமர்டிங்கரும் காது கேளாதவர். அவரும் மொழிபெயர்ப்பாளரான சார்லீன் க்ரம்ப்பும் சேர்ந்து, மனநலப் பணிக்கான சைகை மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை உருவாக்கினார்கள். மாண்ட்கோமரி நகரில் 2003 முதல் நடந்துவரும் இந்தப் பயிற்சிக்கு மற்ற மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 40 மணி நேர வகுப்பு, பிறகு அனுபவசாலியின் மேற்பார்வையில் மனநல மையங்களில் 40 மணி நேரக் களப்பணி, கடைசியில் தேர்வு. தேறியவருக்குத் தனிச் சான்றிதழ் கிடைக்கும். அதற்கான விதிகள் மாநில அரசின் நிர்வாகச் சட்டத்தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்கின்றன.

இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். கல்லூரியிலும் நீதிமன்றத்திலும் மேடையிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குக் கைவந்த திறமைதான் இங்கே முதல் சிக்கல். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? எதிராளி திக்கித் திணறிச் சொன்னதைக்கூட அர்த்தமுள்ள வாக்கியமாக்கித் தருவார். விட்டுப்போன இடத்தை ஊகித்து நிரப்புவார். மேடையில் அது திறமை. மனநல மருத்துவரின் அறையில் அதுவே நோயை மறைக்கும் திரை. அந்த உடைசலைப் பார்க்கத்தான் மருத்துவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். மனநோய் முற்றிய நிலையில் பேசுகிறவர்கள் சிலரிடம் சொற்கள் பொருளை விட்டுவிட்டு எதுகை மோனையைப் பிடித்துக்கொண்டு ஓடும். சைகையிலும் இது நடக்கும். அங்கே எதுகை என்பது கைவடிவம். ஒரே விரலமைப்பைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தமில்லாத சைகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றைக் குரலில் சொன்னால் வெறும் சொற்குவியல். கோவையாக்கிச் சொன்னால் பொய். அதனால் அந்தக் கட்டத்தில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு விவரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'நான்' என்று நோயாளியின் குரலாகப் பேசிக்கொண்டிருந்தவர் சற்று விலகி, "ஒரே கைவடிவத்தில் சைகைகள் வருகின்றன, அவற்றுக்குள் தொடர்பு தெரியவில்லை" என்று மருத்துவரிடம் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. "இது மனச்சிதைவு" என்று சொல்வது அவர் வேலையல்ல.

இதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. சைகை உடைந்திருந்தால் காரணம் மனநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பெற்றோருக்குச் சைகை தெரியாது, குழந்தைக்குப் பேச்சு எட்டாது. மொழி ஊன்ற வேண்டிய முதல் ஐந்தாறு வருடம் எந்த மொழியும் இல்லாமலே கழிந்துவிடுவதுண்டு. அப்படி வளர்ந்தவர் நேற்று நடந்ததையும் பத்து வருடத்துக்கு முன்பு நடந்ததையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுவார். யார் யாரை அடித்தார் என்பது குழம்பும். பார்க்கிறவருக்கு அது சித்தப்பிரமை போலத் தெரியும். உண்மையில் அது மொழிப் பட்டினி. மருத்துவ உளவியலாளர் நீல் கிளிக்மன் போன்றவர்கள் இந்த வேறுபாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இங்கே தனியொரு மொழிபெயர்ப்பாளர் போதாது. காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் உடன் அமர்த்துவார்கள். சைகையிலேயே வாழ்ந்து வளர்ந்த அவருக்கு, வீட்டில் உருவான அரைகுறைச் சைகையும் பிடிபடும்.

பரிசோதனைக் கேள்விகளிலும் கண்ணிகள் உண்டு. நோயாளியின் சிந்தனைத் திறனை அறிய மருத்துவர்கள் பழமொழிக்குப் பொருள் கேட்பார்கள். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதைச் சொல்லுக்குச் சொல் சைகையாக்கினால், அந்தப் பழமொழியைக் கேட்டே அறியாதவருக்கு விளங்காது. பொருளை விளக்கிச் சைகை செய்தால் விடையையே கொடுத்தாயிற்று. "உங்கள் மூக்கைத் தொடுங்கள்" என்றாலும் அதே கதை. மூக்குக்கான சைகையே மூக்கைச் சுட்டுவதுதானே! இந்தக் கேள்வியால் எதையும் சோதிக்க முடியாது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சந்திப்புக்கு முன்னும் பின்னும் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் தனியே பேசிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வார்டுக்குள்ளும் இதே கவனம் வேண்டும். புருவம் உயர்வது சைகை மொழியில் ஆம்-இல்லைக் கேள்விக்கான இலக்கணம். தரையைத் தட்டுவது ஒருவரைக் கூப்பிடும் வழக்கம். தெரியாத கண்ணுக்கு இரண்டுமே ஆவேசமாகத் தோன்றும். ஆவேசம் என்று முடிவுகட்டிக் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டால், மற்ற நோயாளிக்கு அது கட்டு. இவருக்கோ வாயையும் சேர்த்துப் பொத்தியதாகிறது.

ஜூனியஸ் வில்சனின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி எதற்கு என்ற கேள்வியே எழாது. வட கரோலைனாவைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் அவர், காது கேளாதவர். ராலி நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்கென இருந்த பள்ளியில் படித்தார். நிறப் பாகுபாட்டால் தனித்திருந்த அந்தப் பள்ளிக்குள் தனியான சைகை வழக்கே உருவாகியிருந்தது. 1925-இல் பாலியல் குற்றம் ஒன்றைச் சாட்டி அவரைப் பிடித்தார்கள். அவருடைய சைகை யாருக்கும் புரியவில்லை. புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று முடிவுசெய்து, கறுப்பினத்தவருக்கான கோல்ட்ஸ்பரோ மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு விதையடித்தார்கள். குற்றச்சாட்டு 1970-களில் கைவிடப்பட்டது. அவரை மட்டும் விடவில்லை. 1994-இல்தான் வளாகத்திலேயே ஒரு சிறு வீடு கிடைத்தது. 2001-இல் அங்கேயே இறந்தார். முக்கால் நூற்றாண்டு! கடைசிக் காலத்தில் சைகை தெரிந்தவர்கள் வந்தபோதும், அவருடைய பழைய ராலி சைகைகள் அவர்களுக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

மொழிபெயர்ப்பவரின் மனதைப் பற்றியும் பேசியாக வேண்டும். "நான் செத்துப்போகிறேன்" என்று நோயாளி சைகை செய்தால், இவர் தன் வாயால் "நான் செத்துப்போகிறேன்" என்று சொல்ல வேண்டும். சிறுவயதில் நடந்த கொடுமையையும் 'எனக்கு' என்றே சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் அந்த 'எனக்கு' கூடவே வரும். ராபின் டீனும் ராபர்ட் பொலார்டும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, இந்த வேலை மனதின் மேல் ஏற்றும் சுமையையும் அதற்கு மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கும் வழிகளையும் முறையாக அலசும் ஓர் அணுகுமுறையை உருவாக்கினார்கள். மருத்துவர்களைப் போலவே இவர்களும் ஒரு மூத்தவருடன் அமர்ந்து, பெயர் விவரம் வெளியிடாமல், தாங்கள் கையாண்டதை அசைபோட வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்தியது.

இந்தியாவில் சட்டம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 4-ஆவது பிரிவில், சிகிச்சை பற்றிய தகவலை நோயாளிக்குப் புரியும் எளிய மொழியிலோ சைகை மொழியிலோ படங்களாலோ சொல்ல வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைந்தோர் சுமார் 50 லட்சம் பேர். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் காது கேளாதவரோடு வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் அண்ணன். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் விழுந்த அடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், அடித்தவர் வழியாகவே அதைச் சொல்ல முடியுமா? தம்பி இரண்டு நிமிடம் கை வலிக்க வலிக்கச் சொல்வார். அண்ணன் திரும்பி, "ஒண்ணுமில்ல டாக்டர், தூக்கம் வரமாட்டேங்குதாம்" என்பார். தூக்க மாத்திரை எழுதப்படும். தம்பி இன்னும் டாக்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்.