ஆவடியில் மைனஸ் 40 டிகிரி!

நம்ப முடியவில்லையா? பழைய டீசல் வேன் ஒன்றில் ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரின் வயர் அறுந்திருந்தால், பல வண்டிகளில் சித்திரை வெயிலிலும் அப்படித்தான் காட்டும் :-) கூடவே பி0118 என்று ஒரு கோட். பார்த்தவுடன் வரும் தீர்ப்பு: "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்."

கொடுமை இங்கேதான் ஆரம்பம். அந்தக் கோட் சென்சார் செத்துவிட்டதாகச் சொல்லவே இல்லை. அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான். சென்சாராக இருக்கலாம், எலி கடித்த வயராக இருக்கலாம், பச்சை பூத்த கப்ளராகவும் இருக்கலாம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றதே... அதில் முங்கி எழுந்த ஸ்டாஃப் வேன்களின் கப்ளரைக் கழற்றிப் பார்க்காமல் புது சென்சார் வாங்குவது என்ன நியாயம்?

கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கம் உள்ள இரண்டு பின்னையும் ஒரு சிறு வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். மைனஸ் 40 சட்டென்று கொதிநிலைக்கு மேலே தாவினால் வயரும் ஈசியூவும் சரி, சென்சார்தான் குற்றவாளி. அசையவே இல்லையென்றால் கோளாறு வயரிங்கிலோ ஈசியூவிலோ. எத்தனை சென்சார் மாற்றினாலும் விளக்கு அணையாது. (இது இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும். 5 வோல்ட் சப்ளையோடு மூன்று வயர் வரும் ரயில் பிரஷர் சென்சாரில் இந்த விளையாட்டு வேண்டாம், ஈசியூவுக்கு ஆபத்து.)

மட்டடார் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. காதால் கேட்டே பாதி வேலை முடிந்துவிடும். இன்று காதும் போய், மல்டிமீட்டரும் வராமல், ஸ்கேனர் திரையைப் பார்த்துப் பார்ட்ஸ் கடைக்கு ஆள் அனுப்புவதே வைத்தியம் என்றாகிவிட்டது. அதற்குள் பூந்தமல்லியில் ஒரே வேனை நம்பி ஸ்கூல் டிரிப் ஓட்டுபவருக்கு இரண்டு நாள் வருமானம் காலி. இந்த மாச டியூவை யார் கட்டுவது?

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை மக்களே. அரை மணி நேரம் வயர் வயராக செக் செய்து, கப்ளரைச் சுத்தம் செய்து கொடுத்துப் பாருங்கள். "ஒண்ணுமே மாத்தலையே, இதுக்குக் காசா?" என்று கேட்பது யார்? புது சென்சார் டப்பாவைக் காட்டினால் மட்டும் பர்ஸ் தானாகத் திறக்கிறது. பார்த்த வேலைக்குக் கூலி கிடையாது, மாட்டிய சாமானுக்குத்தான் காசு என்றால் அவரும் சாமானைத்தானே மாட்டுவார்?