புல்லுக்கு அடியில் நாற்பதாயிரம் ஆண்டுகள்

சாண்டிநல்லா என்றால் ஊட்டிக்குப் பக்கத்தில் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கும் ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். அங்குள்ள பள்ளத்தாக்குச் சதுப்பைத் தோண்டினால் கறுப்பாக, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மண் வரும். அதற்குப் பெயர் பீட். தேங்கிய நீர் காற்றை உள்ளே விடுவதில்லை. குளிர் நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால் செத்த புல் முழுவதும் மக்காமல், தன் கார்பனோடு அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. சமவெளிச் செம்மண்ணில் இது நடக்காது. அந்த வெயிலில் உதிர்ந்த இலை நாலு மழை கண்டால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

1993-இல் ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த நீலகிரி பீட்டின் கார்பனைப் பகுத்து, 20,000 ஆண்டுப் பருவமழை வரலாற்றை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பனியுகத்தில் மலை வறண்டு கிடந்ததும், பிறகு மழை வலுத்ததும் அந்த அடுக்குகளில் பதிவாகியிருந்தன. பின்னர் வந்த ஆய்வு அந்த வரலாற்றை 40,000 ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. அத்தனை காலத்தில் சேர்ந்த பீட்டின் ஆழம் சில மீட்டர்தான்.

அந்த மலையில் எருமை மேய்த்த தோடர்கள் சதுப்பை வீண் நிலமாகப் பார்க்கவில்லை. தங்கள் கோயில் கூரையை அவர்கள் வேய்வதே சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல்லால்தான். 1819-இல் மேலே ஏறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனும் அவருக்குப் பின் வந்தவர்களும் வேறு கண்ணோடு பார்த்தார்கள். விறகுக்கு யூகலிப்டஸ், தோல் பதனிட வாட்டில், சரிவுகளில் தேயிலை, பள்ளங்களில் உருளைக்கிழங்கும் காய்கறியும் வந்தன. ஊட்டிப் பள்ளத்தாக்கின் அடிமட்டம் குதிரைப் பந்தய மைதானமானது. வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நகர முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் வனத்துறை புல்வெளிகளில் இன்னும் பெரிய அளவில் இறங்கியது. சிறுமுகை ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. பெரிய அணைகள் சில பள்ளத்தாக்குகளையே மூழ்கடித்தன.

இதன் விளைவை நீலகிரியின் கிளென்மார்கனில் அளந்து பார்த்தார்கள். புல்வெளியில் யூகலிப்டஸ் நட்ட நீர்ப்பிடிப்பில், முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் சுழற்சியில் சரிவு 25 விழுக்காட்டைத் தொட்டது. இது நீர்க்கணக்கு. ஆனால் பீட்டுக்கு நீர்தான் உயிர். நீர்மட்டம் இறங்கினால் காற்று புகும். ஆயிரமாயிரம் ஆண்டுகள் மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கி, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். மேலே நிற்கும் மரம் சேர்க்கும் கார்பன் கண்ணுக்குத் தெரியும், கன அடியில் அளக்கலாம், விற்கலாம். கீழே கரைவதை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. இருநூறு ஆண்டுகளாக இந்த மலையில் நடந்த பிழை இந்த ஒற்றைப் பத்திக் கணக்குதான் என்பேன்.

சதுப்பு குற்றமற்றது என்று சொல்லவும் வரவில்லை. நீர் நின்ற பீட் மீத்தேன் விடுகிறது. கார்பன் டை ஆக்சைடைவிட வீரியமான வாயு அது. வடித்தால் மீத்தேன் குறையும். ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றில் சிதைந்துபோகும், வடித்த பீட்டிலிருந்து கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். எனவே நீண்ட கணக்கில் வடிகால்தான் நஷ்டம்.

அந்த நஷ்டத்தின் முழு உருவத்தை இந்தோனேசியா காட்டியது. 1996-இல் சுகார்த்தோ அரசு, நெல் விளைவிக்கவென்று மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பகுதியில் கால்வாய்களை வெட்டத் தொடங்கியது. நெல் விளையவில்லை. மறு ஆண்டு எல் நினோ வறட்சியில் வடிந்து காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. நாடு முழுவதும் அந்த ஆண்டுத் தீயில் வெளியேறிய கார்பனை 81 கோடி டன் முதல் 257 கோடி டன் வரை என மதிப்பிட்டார்கள். தாழ்நிலப் பீட் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்வது. வடித்துச் செம்பனை வைத்தால் முதல் ஐந்தாண்டில் ஒன்றரை மீட்டர் வரை அமிழ்ந்துவிடுகிறது. நம் ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலின் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவது. அதில் எவ்வளவு பீட்டில் விளைந்தது என்று பாக்கெட்டில் அச்சிடுவதில்லை.

நீலகிரியில் காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியது. 2022-இல் தமிழக அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. 2024-இல் பந்தய மைதானமும் அரசின் கைக்குத் திரும்பியது. அதே 2022-இல்தான் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்கும் இயக்கமும் தொடங்கியது. மலைக்கு மேலே வாட்டிலை வெட்டும் துறைதான் சமவெளியில் கன்றுகளை எண்ணுகிறது. எண்ணட்டும், அங்கே அது தேவை. ஆனால் மலைச் சதுப்புகளுக்குத் தனியாக ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு சதுப்பின் எல்லை, பீட்டின் ஆழம், கோடையில் நீர்மட்டம், உள்ளே ஓடும் வடிகால் எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். வாட்டிலை வெட்டியபின் அந்த வடிகால்களை அடைக்கும் செலவும் அதே திட்ட மதிப்பீட்டில் ஏற வேண்டும்.