செஞ்சு பார்க்கலாம் பாஸ்: மிதக்கும் ஷெல்ஃபும் அப்பாவோட பாவும்

செமஸ்டர் லீவுல ஹாஸ்டல்லேர்ந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா என்ன பண்ணுவீங்க? புத்தக மூட்டையை ஒரு மூலையில தள்ளுவீங்க. ரெண்டாவது நாள் காலையில அம்மா அந்த மூலையைப் பார்த்து அர்ச்சனையை ஆரம்பிப்பாங்க. "இதுக்கெல்லாம் ஒரு இடம் கிடையாதா?"

கிடையாதுதான். அதுவும் எங்க ஆரணியில, நெசவு வீட்டுல பொறந்தவங்களைக் கேளுங்க. கூடத்துல முதல் இடம் தறிக்கு. குழி, அதுமேல தறி, அதுக்கும் மேல ஜக்கார்டு பெட்டி, பக்கத்துல தார் சுத்துற ராட்டை. இதெல்லாம் போக மிச்சம் இருக்குற இடம்தான் மனுஷங்களுக்கு. அதுலயும் மிச்சம் இருந்தா புத்தகத்துக்கு!

தரையில இடம் இல்லேன்னா கண்ணு தானா சுவருக்குப் போகும். அங்கதான் 'ஃப்ளோட்டிங் ஷெல்ஃப்' ஆசை பிறக்குது. கால் கிடையாது, கீழே முட்டுக் கொடுக்குற சட்டம் கிடையாது. பலகை சுவர்லேர்ந்து அப்படியே அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்கும். பார்க்க சூப்பர்! நானும் மயங்கினேன். செகண்ட் இயர்ல ஒண்ணு மாட்டினேன். சரியா ஒன்பது நாள் நின்னுச்சு.

பத்தாவது நாள்

அப்பா சாப்பிடப் போயிருந்தார். 'டமார்'னு ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தா பலகை, ரெக்கார்டு நோட்டு, தடி தடியா நாலு புக்கு, எல்லாம் தறி மேல கிடக்கு. இழுத்துக் கட்டின பாவுல ஒரு கையகலத்துக்கு இழைங்க அறுந்து தொங்குது.

நெசவு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பாவுன்னா நீளவாக்குல ஓடுற இழை. பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான இழை. ஒவ்வொண்ணும் தலைமுடி மாதிரி இருக்கும். அறுந்ததுல ஒண்ணைப் பிணைக்காம விட்டாலும் சேலையில கோடு விழும். கோடு விழுந்தா கூலியில கை வைப்பாங்க.

அப்பா திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இழையா எடுத்துப் பிணைக்க ஆரம்பிச்சார். முழுசா ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் தறி ஓடலை. தறி ஓடலேன்னா கூலி இல்லை. கடைசி இழையைப் பிணைச்சதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஓட்டை போடறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா, வெள்ளிக்கிழமை பாவு முடியுது, அன்னிக்குப் போட்டுக்கோடான்னு சொல்லியிருப்பேன்."

அதனால இந்த வாரம் ஷெல்ஃப் மாட்டுறது எப்படின்னு மட்டும் சொல்லப் போறதில்லை. என் ஷெல்ஃப் ஏன் விழுந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்றேன்.

ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா?

'திருப்புத்திறன்' படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்திருப்பீங்க. அது இங்க வேலை செய்யுது. என் பலகை 8 அங்குல அகலம். மேல ஏத்தின சுமை சுமார் 12 கிலோ. புத்தகத்தோட எடை பலகையின் நடுவுல, அதாவது சுவர்லேர்ந்து 4 அங்குலம் தள்ளி அழுத்துது. சுவர்ல பதிச்ச இரும்புப் பட்டை ரொம்பக் குட்டை. அதோட கீழ் விளிம்புக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம்தான்.

கணக்குப் போடுங்க. 12 பெருக்கல் 4, வகுத்தல் ஒன்றரை. 32! அதாவது 12 கிலோ புத்தகம் மேல் ஸ்க்ரூக்களை 32 கிலோ இழுவையோட சுவர்லேர்ந்து வெளியே பிடுங்குது. இதுவே கீழே 6 அங்குலம் இறங்குற 'எல்' வடிவ ஆங்கிள் போட்டிருந்தா? 12 பெருக்கல் 4, வகுத்தல் 6. வெறும் 8 கிலோ இழுவை.

ஆக, முட்டு வெளியே தெரியாம அழகா இருக்குறதுக்கு ஒரு விலை இருக்கு பாஸ். அந்த விலையைச் சுவர் கொடுக்கணும். பலகை எதுவும் மிதக்கலை, சுவர் அதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிடிச்சிருக்கு. அப்போ முதல் கேள்வி பலகையைப் பத்தி இல்லை, உங்க சுவர் எப்படிப்பட்டதுங்கறதுதான்!

பொடியைப் பாருங்க

ஓட்டை போடும்போது கொட்டுற பொடியே சுவரோட ஜாதகம். முதல் அரை, முக்கால் அங்குலம் வரைக்கும் சாம்பல் கலர் பொடி வரும். அது மேல்பூச்சு. அதுக்கப்புறம் சிவப்புப் பொடி வந்தா செங்கல். ஆஹா, அதுதான் நமக்கு வேணும்! நான் போட்ட ஓட்டையில சிவப்பே வரலை. பூச்சோட நின்னுட்டேன். பூச்சு சும்மா சட்டை மாதிரி, சுமை தாங்காது.

திடீர்னு ட்ரில் உள்ளே வழுக்கிக்கிட்டுப் போனா, ஒண்ணு ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்குற இணைப்பு, இல்லேன்னா ஹாலோ பிளாக் சுவர். இணைப்புன்னா ரெண்டு அங்குலம் தள்ளிப் போடுங்க. ஹாலோ பிளாக்குன்னா அதுக்குன்னே விக்கிற பிளக் வாங்கணும். பழுப்பு நிறத்துல மண்ணாவே கொட்டுதா? பழைய மண் சுவர் அது. அங்கேயே ட்ரில்லை நிறுத்திடுங்க. அந்தச் சுவர்ல இந்த ஷெல்ஃப் வேண்டாம்.

இன்னொண்ணு. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பாருங்க. 'டப் டப்'னு பொந்து மாதிரி சத்தம் வந்தா பூச்சு கல்லை விட்டு விலகியிருக்கு. அந்த இடமும் வேண்டாம். ஓதம் ஏறின சுவரும் வேண்டாம். குழித்தறி வீடுகள்ல மழைக்காலத்துல சுவரோட கீழ்ப்பக்கம் எப்படி நனையும்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

முன்னெல்லாம் சுவர்ல எதையாவது மாட்டணும்னா உளியால சதுரமா ஓட்டை தோண்டி, மரக்கட்டை செருகி, சிமென்ட் பூசி, அதுல ஸ்க்ரூ போடுவாங்க. பழைய வீட்டு ஸ்விட்ச் போர்டைக் கழட்டிப் பார்த்தா இன்னிக்கும் அந்தக் கட்டை இருக்கும். இப்போ கடையில ஒரு கைப்பிடி அள்ளித் தர்ற நைலான் பிளக், 1958-ல ஜெர்மனியில ஆர்தர் ஃபிஷர் உருவாக்கினது. ஸ்க்ரூ உள்ளே போகப் போக அது விரிஞ்சு கல்லை இறுக்கிப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். மனுஷர் பேர்ல ஆயிரத்துக்கும் மேல காப்புரிமை இருக்கு. விரியறதுக்குச் சுத்தியும் கெட்டியான கல் வேணும்ங்கறதை மட்டும் நாமதான் பார்த்துக்கணும்.

ரெடி, ஸ்டார்ட்!

1. பலகை 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட். அகலம் 6 அங்குலம் போதும். அகலம் கூடக் கூட ஸ்க்ரூவைப் பிடுங்குற இழுவையும் கூடும். நீளம் ரெண்டரை அடிக்கு மேல வேண்டாம். ஒரு அடி நீளத்துக்கு நெருக்கமா புக் அடுக்கினாலே 8 முதல் 10 கிலோ வந்துடும்.

2. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் பக்கவாட்டுலயும் ஓட்டை போடாதீங்க. சுவருக்குள்ள ஒயர் பெரும்பாலும் அந்த வழியாத்தான் ஓடும். அந்த அறைக்கான ஃபியூஸை எடுத்துட்டு, ட்ரில்லுக்கு வேற அறையிலிருந்து கரென்ட் எடுங்க.

3. மட்டம் பார்க்கக் கண்ணை நம்பாதீங்க. ரசமட்டம் இருந்தா நல்லது. இல்லேன்னா மேஸ்திரிகள் பண்ற மாதிரி ட்யூப்ல தண்ணி நிரப்பி ரெண்டு பக்கமும் கோடு போடுங்க. பழைய வீட்டுல தரையும் கோணலா இருக்கும், அதை வெச்சு அளக்காதீங்க.

4. ஹேமர் ட்ரில் சொந்தமா வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் பிளக், அதே 8 மில்லிமீட்டர் பிட். பிளக் நீளத்தோட பூச்சோட கனத்தையும் கூட்டி, அந்த அளவுல பிட்டைச் சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. டேப் சுவரைத் தொடும்போது நிறுத்துங்க. பிளக் முழுசும் செங்கல்லுக்குள்ள உட்காரணும். ஸ்க்ரூவும் அதுக்கேத்த நீளம் வேணும்.

5. கண்ணாடி போட்டுக்கோங்க, மூக்கைக் கட்டிக்கோங்க. ஓட்டைக்குள்ள இருக்குற தூசியை ஊதி வெளியேத்துங்க. தூசி இருந்தா பிளக் வழுக்கும். பிளக் கை அழுத்தத்துலயே லொட லொடன்னு போனா ஓட்டை பெருசாயிடுச்சுன்னு அர்த்தம். தீக்குச்சி செருகிச் சமாளிக்காதீங்க. இடம் மாத்திப் போடுங்க.

6. முட்டே தெரியாத அசல் ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் வேணும்னா, சுவருக்குள்ள 3, 4 அங்குலம் இறங்குற இரும்புக் கம்பி வேணும். 9 அங்குலச் சுவர்ல மட்டும் அது சரிப்படும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்ல 'எல்' ஆங்கிள்தான். கொஞ்சம் வெளியே தெரியட்டுமே, என்ன போச்சு?

7. மாட்டினதும் புக் அடுக்காதீங்க. நம்ம ஊர்ல அரிசிக்கா பஞ்சம்? 10 கிலோ அரிசிப் பை ரெண்டை மேல வெச்சு, கீழே சாக்கு விரிச்சு, ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலையில பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு தாள் நுழையுற அளவுக்கு இடைவெளி வந்திருந்தாலும் கழட்டி மறுபடி மாட்டுங்க.

தறி இருக்குற வீடா? இதையும் படிங்க

தறிக்கு நேர் மேல ஷெல்ஃப் கிடையவே கிடையாது. எவ்வளவு நல்லா மாட்டினாலும் கிடையாது. பலகை விழாட்டியும் ஒரு பேனா விழும், ஒரு டம்ளர் தண்ணி சாயும்.

ஜன்னல் வெளிச்சம் பாவு மேல விழுற வழியை மறைக்காதீங்க. அப்பாவுக்கு அந்த வெளிச்சம்தான் சோறு.

ட்ரில் தூசி சாதாரணமானது இல்லை. சிமென்ட்டும் சுண்ணாம்பும் காரம். பட்டு ஒரு புரதம். பட்டு நூலோட பசையை எடுக்கவே சோடாவும் சோப்பும் போட்டுக் காய்ச்சறாங்கன்னா, காரம் பட்டை என்ன பண்ணும்னு கெமிஸ்ட்ரி படிக்கிறவங்க சொல்லட்டும். ஈரக் காத்துல அந்தத் தூசி பட்டு மேலயும் ஜரிகை மேலயும் படியவே கூடாது. அதனால ஒரு பாவு முடிஞ்சு அடுத்த பாவு பிணைக்கிறதுக்கு முன்னாடி கிடைக்கிற இடைவெளிதான் உங்க முகூர்த்த நாள். அது எப்போன்னு காலண்டர் சொல்லாது, தறியில உட்கார்றவங்கதான் சொல்லணும். கேளுங்க!

அப்புறம், பலகை அடிக்க அடிக்கத் தறி அதிரும். பக்கத்துச் சுவர்ல மாட்டின ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமா தளரும். மாசத்துக்கு ஒரு தடவை டைட் பண்ணுங்க.

வாடகை வீடா, மண் சுவரா?

ஹவுஸ் ஓனர் ஆணிக்கே சண்டைக்கு வர்றாரா? கவலை வேண்டாம். பழைய வீட்டுல விளக்கு வைக்கிற மாடம் இருக்குமே, அதுல நோட்டு வைங்க. சுவர்க் குழியில கடப்பாக் கல் அலமாரி இருந்தா அம்மாகிட்ட ஒரு தட்டு கேட்டு வாங்குங்க. கல் மூணு பக்கமும் சுவருக்குள்ள பதிஞ்சிருக்கும், அதைவிடப் பலமான ஷெல்ஃப் இல்லை. மரவிட்டம் இருக்குற ஓட்டு வீடுன்னா பாட்டி காலத்து உறி டெக்னிக். ரெண்டு கயிறு, ஒரு பலகை, விட்டத்துலேர்ந்து தொங்கவிடுங்க. நெஜமாவே மிதக்குற ஷெல்ஃப் அதுதான்! சுவர்ல ஒரு கீறல் விழாது.

என் ரெண்டாவது ஷெல்ஃப் இப்போ தறியிலிருந்து தள்ளி, எதிர்ச் சுவர்ல இருக்கு. பாவு முடிஞ்ச ஒரு வெள்ளிக்கிழமை மாட்டினது. அப்பா ரசமட்டத்தைப் பிடிச்சுக்கிட்டார், நான் ட்ரில் போட்டேன். மேல்தட்டுல என் புக்கு. கீழ்த்தட்டுல? தார்க் கூடை, கத்திரிக்கோல், அப்பாவோட கண்ணாடிக் கூடு. அவருக்கும் இத்தனை வருஷமா அதையெல்லாம் வைக்க ஒரு இடம் இல்லாமத்தான் இருந்திருக்கு. நான் கேட்டதே இல்லை.

சரி, டேப்பை எடுங்க, சுவரைத் தட்டுங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!