விண்டோஸ் ஏறவில்லையா? உடனே கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்

போன மாதம் என் மேசைக் கணினிக்கு ஒருவர் மரணச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். கடையிலிருந்து வந்த மெக்கானிக். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

"விண்டோஸ் 11 ஏறல சார். சரின்னு 10 போட்டுப் பார்த்தேன், அதுவும் ஏறல. பழைய மெஷின் சார், இனிமே தாங்காது. எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டுப் புதுசு வாங்கிக்குங்க. 40,000க்குள்ள முடிச்சுத் தரேன்" என்றார். வந்து போனதற்கு 500 ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

கணினி 2013இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். இன்றைய கணக்கில் கிழம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஏறல" என்ற ஒரே வார்த்தையில் அவர் இரண்டு வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிவிட்டார். இந்தக் குழப்பத்தை நம்பித்தான் நம் வயதுக்காரர்கள் பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள்.

முதல் விஷயம், விண்டோஸ் 11. அது ஏறாததற்குக் காரணம் பழுது அல்ல, விதி. 2021 அக்டோபரில் அது வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் சில நிபந்தனைகள் போட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். செக்யூர் பூட் வசதி வேண்டும். பிராசஸர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குப் பிறகு வந்தவைதான் அந்தப் பட்டியலில் உண்டு. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல். அப்படியானால் 2016இல் வாங்கிய நல்ல கணினிகூட, 16 ஜிபி ராம் இருந்தாலும், ஐந்தே வருடத்தில் பட்டியலுக்கு வெளியே!

58 வயதில் நமக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, மறுநாள் காலை நம் கைகால் விளங்காமலா போயிற்று? விதி அப்படி. அதே கதைதான்.

பாதுகாப்புக்காகத்தானே இந்த விதி என்பார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. கணினி திருடு போனால் உள்ளே இருப்பதை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டி வைக்க டிபிஎம் உதவும். ஆனால் நம் வயதுக்காரர்களை ஏமாற்றுகிறவன் எப்படி வருகிறான்? போனில் வருகிறான். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஓடிபி கேட்கிறான். எந்த டிபிஎம் அவனைத் தடுக்கும்?

இரண்டாவது விஷயம், விண்டோஸ் 10. இதற்கு விதி ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. பின் ஏன் ஏறவில்லை? மெக்கானிக் போன பிறகு, மாடி வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவரைக் கூப்பிட்டேன். அவர் செய்த முதல் காரியம், திரையில் வந்த செய்தியை முழுவதும் படித்தது. வட்டில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, ஈஎஃப்ஐ முறையில் ஜிபிடி வட்டில்தான் நிறுவ முடியும் என்று அது தெளிவாகச் சொன்னது.

எளிமையாகச் சொல்கிறேன். வட்டைப் பாகம் பிரித்துக் குறித்து வைக்க இரண்டு முறைகள் உண்டு. பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. கணினி கிளம்புவதற்கும் இரண்டு முறைகள். பழையது லெகசி, புதியது யூஈஎஃப்ஐ. விண்டோஸுக்குப் பழையதோடு பழையதும், புதியதோடு புதியதும்தான் சேரும். பூட் மெனுவில் எங்கள் பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிந்தது, ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று போட்டு. மெக்கானிக் அந்த வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மாணவர் மற்ற வரியைத் தேர்ந்தெடுத்தார். நிறுவல் தடையில்லாமல் நகர்ந்தது. 40,000 ரூபாய்க்கும் அந்த ஒரு வரிக்கும்தான் வித்தியாசம்!

இன்னொன்றும் கண்டுபிடித்தார். சில மாதங்களாகவே கணினியைப் போட்டதும் தேதி தப்பாகக் காட்டும், எஃப்1 அழுத்தச் சொல்லும். மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. விலை ஐம்பது ரூபாய்க்குள். அது தீர்ந்தால் பயாஸில் நாம் செய்து வைத்த அமைப்புகள் எல்லாம் மறந்துபோகும். சில கணினிகளில் வட்டே கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும்.

அதே போல 0x80070570, 0x8007025D என்று எண்கள் வந்தால், பெரும்பாலும் கோப்பு சரியாகப் படிக்கப்படவில்லை என்று பொருள். பென் டிரைவ் கெட்டிருக்கலாம், பதிவிறக்கம் குறையாக இருக்கலாம், ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். வேறு பென் டிரைவில் போட்டுப் பாருங்கள். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். பிறகு தீர்ப்பு எழுதலாம்.

கடைசியில் நான் விண்டோஸ் 10ஐ வைத்துக்கொள்ளவில்லை. அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டார்கள். வங்கி வேலைக்கு அது சரிப்படாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். அதை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். நாங்கள் முதலில் அப்படித்தான் ஓட்டி, வட்டில் இருந்த குடும்பப் படங்களையெல்லாம் வேறு இடத்துக்கு நகல் எடுத்தோம். தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது. இந்தப் பதிவே அதில் எழுதியதுதான்.

எல்லாப் பழைய கணினியும் பிழைக்கும் என்று நான் சாதிக்கவில்லை. மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தால், வட்டு கடகடவென்று சத்தம் போட்டால், அந்தப் பாகம் போய்விட்டது. வட்டை மாற்றலாம். மதர்போர்டு என்றால் யோசிக்க வேண்டியதுதான். அப்போது புதிது வாங்குவதில் தவறில்லை. பழுது என்னவென்றே பார்க்காமல் பழசு என்று சொல்லிக் கைகழுவுவதைத்தான் தவறு என்கிறேன்.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினியோடு வட்டும் போகிறது. அதில் உங்கள் ஆதார் நகல், பான் அட்டை, பாஸ்புக் பக்கம், பேத்தியின் படம் எல்லாம் இருக்கும். வட்டைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். குறைந்தபட்சம் கண்முன் முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த முறை யாராவது "ஏறல சார்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். திரையில் என்ன எழுதி வந்தது? அதைக் கைபேசியில் படம் எடுத்தீர்களா? எந்தப் பாகம் கெட்டிருக்கிறது? மூன்றுக்கும் பதில் வராவிட்டால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காசு கொடுக்காதீர்கள்.